ஸ்லிப்பு பிடித்த தெரு

உலகம்மாளின் காரில் கியர் ஆயில் குறைந்துபோனது. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் தெரு செய்தது.

அது கிளட்ச் இல்லாத கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். காலுக்கு வேலை இரண்டே, ஓட ஒன்று, நிற்க ஒன்று. இரண்டுமே வலது காலுக்கு. உலகம்மாளின் இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது, அதனால்தான் அந்தப் பழைய நீல வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கினாள். சொகுசுக்கு இல்லை. அவள் புருஷன் கோமதிநாயகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். போகாவிட்டால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும், ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். ஆக அந்தக் கார் ஓடும்வரை அந்த மனிதர் உயிரோடு இருப்பார். கணக்கு லேசானது.

மாசி மாதம் அம்மன் கோயில் கொடை முடிந்த வாரத்தில் கார் யோசிக்க ஆரம்பித்தது. லிவரை இழுத்துப் போடுவாள், வண்டி உறுமும், நகராது, பிறகு மறந்துபோன ஏதோ ஒன்று ஞாபகம் வந்த மாதிரி ஒரு குதி குதித்துக் கிளம்பும். அடியில் சிவப்பாக ஏதோ சொட்டியது.

மறுநாள் காலையில் தெருவுக்கும் அதே வந்தது.

காரணம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லி என்ன ஆகப்போகிறது. வாகைமரத் தெருவில் அன்று காலை எழுந்தவர்களெல்லாம் எழ நினைத்ததற்கும் எழுந்ததற்கும் நடுவே கொஞ்ச நேரம் பாயிலேயே கிடந்தார்கள், டீக்கடையில் கிளாசுக்கு நீட்டின கைகள் பாதி வழியில் நின்றன, சைக்கிளில் ஏறத் தூக்கின கால் தூக்கினபடியே இருந்தது, வாளியைக் கிணற்றில் விட்டவள் கயிற்றை இழுக்க நினைத்து, நினைத்து, நினைத்துக்கொண்டே நின்று, கடைசியில் யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி ஒரே வெட்டாக வெட்டி இழுத்ததில் தண்ணீர் முழுக்கத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டாள். எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. ஒருத்தருக்குக் கண்ணிமைக்கும் நேரம், ஒருத்தருக்குப் பேப்பர் படித்து முடிக்கும் நேரம். தெருவை விட்டு வெளியே போனாலும் கூடவே வந்தது. வெளியாள் உள்ளே வந்தால் அவனையும் பிடித்துக்கொண்டது.

முதல் நாள் பயந்தார்கள். இரண்டாம் நாள், கியர் பிடிக்காமல் நழுவினால் மெக்கானிக்குகள் சொல்கிற வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்தார்கள். ஸ்லிப்பு. பெயர் வைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பயம் போய்விடும். "ஒமக்கு எம்புட்டு நேரம் வே ஸ்லிப்பு?" "ஒரு பீடி நேரம் அண்ணாச்சி. ஒமக்கு?" இப்படித்தான் அந்த மாதம் முழுக்க நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

காருக்கு வருவோம். தெருவில் வண்டி என்றால் சங்கரபாண்டியனைத்தான் கூப்பிடுவார்கள். பஸ் டிப்போவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, அந்தப் பேனாவால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணும்மா."

"ஓடும்போதுதான அண்ணாச்சி கோளாறு?"

"ஆயில் பாக்கணும்னா ஆஃப்லதான் பாக்கணும். பாலகனுக்குக்கூடத் தெரியும்."

அணைத்தாள். அவர் கியர் ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார், விட்டார், மறுபடி உருவினார். குச்சியில் ஆயில் மேல் கோடுவரை இருந்தது.

"ஃபுல்லு," என்றார்.

"அப்ப அடியில சொட்டுதது?"

"ஆயில் ஃபுல்லா இருக்கும்போது சொட்டுதது ஆயிலா இருக்க முடியாதுல்லா."

"அப்ப அது என்னது?"

"அது என் டிப்பார்ட்மெண்ட் இல்ல," என்று கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

டிக்கியில் சிவப்பு கியர் ஆயில் ஒரு டப்பா இருந்தது. வண்டி வாங்கின அன்றே கூட வந்தது. ஃபுல் என்று பெரிய மனுஷன் சொன்ன பிறகு அதை யார் ஊற்றுவார்கள்?

ஆயில் இல்லை, சிவப்பாக இருக்கிறது, சொட்டுகிறது. மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. கார் பெரியமனுஷி ஆகிவிட்டது, தாய்மாமன் யார், குச்சு கட்ட ஓலை யார் வெட்டுவது என்று குழாயடியில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அது முப்பிடாதி அம்மனுடைய குங்குமம் என்றார்கள். காருக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைத்தார்கள். காலையில் குளித்துவிட்டு வருகிறவர்கள் குனிந்து ஒரு விரல் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்கள். கழுவினால் போகவில்லை என்பதையே அதற்கு அத்தாட்சியாகச் சொன்னார்கள்.

இப்போது முத்தரசியைச் சொல்ல வேண்டும். உலகம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் மந்திரம் மர அறுவை மில்லில் வேலை. வெளியே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற சாதுவான ஆள், நாலு பேர் நல்லவன் என்று சொல்வார்கள். வீட்டுக்குள் கை நீளும். சத்தம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் படுத்த இடத்திலிருந்து கோமதிநாயகம் ஊன்றுகோலால் சுவரைத் தட்டுவார். "ஏல மந்திரம், போதும்ல." சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. இத்தனை வருஷமாகத் தெருவில் அந்த ஒரு கோல்தான் தட்டியது. மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்துக் காது மந்தம்.

ஸ்லிப்பு வந்த பிறகு மந்திரம் கையை ஓங்கினான், கை தலைக்கு மேலே நின்றது. முத்தரசி அதைப் பார்த்தாள். போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். கை அங்கேயே இருந்தது. சோறு வடித்தாள், துணி அலசினாள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தாள். அது இறங்கினபோது அவள் எதிரே இல்லை, அவனுக்கும் எதற்கு ஓங்கினோம் என்பது மறந்துபோயிருந்தது. அவளுக்கு ஸ்லிப்பு ரொம்பக் குறைவு, இமைக்கும் நேரம் கூட இல்லை. கை வருமுன் நகர்ந்தே பழகின உடம்பு.

அவள் மட்டும் இல்லை, தெருவே மெல்ல மெல்ல ருசி கண்டது. குழாயடியில் குடத்தைத் தூக்கி அடிக்கப்போனவர்கள் தூக்கினபடியே நின்று, நின்ற நேரத்தில் ஒருத்தி புடவையை ஒருத்தி பார்த்து, எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டு, சிநேகமாகிப் போனார்கள். வாத்தியார் பிரம்பு இறங்குவதற்குள் மணி அடித்தது. பைக்கை முறுக்கின பையன்கள் முறுக்கினபடியே உட்கார்ந்திருந்ததில் முட்டி தேய்ந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பங்குனியில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே இருக்க, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை விடாமல் ஊதி ஊதிக் கன்னம் கன்றிப்போக, பந்தியில் ஒரு வரிசை சாப்பிட்டு எழுந்து வந்து அட்சதை போட்டது. அப்புறம் எல்லாரும் புத்திசாலி ஆகிவிட்டார்கள், முகூர்த்தத்துக்கு வெகு முன்னாலேயே மாப்பிள்ளையைத் தாலி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே யாரும் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை.

எல்லாம் நல்லது. கார் மட்டும் நாளுக்கு நாள் அதிகமாக யோசித்தது. அது யோசித்த அளவுக்குத் தெருவும் யோசித்தது. உலகம்மாள் விடிவதற்கு முன்னாலேயே லிவரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். பின்சீட்டில் கோமதிநாயகம்.

"ஏளா, கெளம்பிட்டா?"

"யோசிக்குது."

"நீ என்னையக் கட்டிக்கிட ஒத்துக்கிட்டதுகூட இம்புட்டு யோசிக்கலையே."

"யோசிச்சிருக்கணும். பேசாம வாரும்."

ஒரு செவ்வாய்க்கிழமை அது நகரவே இல்லை.

சங்கரபாண்டியன் வந்தார். ஆஃப் பண்ணச் சொன்னார். ஃபுல் என்றார். வெளியூர் டாக்சி ஒன்றைக் கூப்பிட்டார்கள். வந்தவன் தெருவுக்குள் நுழைந்ததும் அவன் காலும் பிரேக்கில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம்தான் வெளியேறினான், அழுதுகொண்டே போனான், ஊரெல்லாம் சொல்லிவிட்டான், அதன்பின் ஆம்புலன்சே தெருமுனையைப் பார்த்ததும் திரும்பியது. சரி, முனைவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவோம் என்று நான்கு பேர் வந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் நான்கு பேருக்கும் நான்கு விதமான ஸ்லிப்பு. ஒருவன் தூக்கினான், மற்ற மூன்று பேர் தூக்க நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் சரிந்து வாசலில் விழுந்தார். "நாலு பேரு தூக்குத நாள் இன்னும் வரல போலிருக்கு, உள்ள கொண்டு போய் போடுங்கப்பா," என்றார்.

புதன்கிழமை அவருக்குக் கால் வீங்கியது. அன்று உலகம்மாள் தெருவைக் கூட்டினாள்.

கோயில் முன்னால் கூட்டம். கவுன்சிலர் உச்சிமாகாளி நாற்காலியில். உலகம்மாள் வெளியூர் மெக்கானிக் ஒருவனைக் கூட்டிவந்து காரைப் பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். உடனே சத்தம் எழும்பவில்லை, அவரவருக்கு ஆகிற நேரம் ஆகித்தான் எழும்பியது, எழும்பினது பெரிதாக இருந்தது.

"அம்மன் சொட்டுத வண்டியப் பிரிக்கவா?"

"பிரிச்சு ஸ்லிப்பு போயிட்டுன்னா? மறுபடியும் குழாயடியில மண்டை ஒடையவா?"

"இந்தத் தெருவுல சண்டை நின்னு ரெண்டு மாசம் ஆச்சு உலகம்மா."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூச்சு நிக்கப் போகுது," என்றாள் உலகம்மாள்.

கவுன்சிலர் கையைத் தூக்கினார். "அம்மா பாத்துக்கிடுவா."

"அம்மாவா ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவா?"

"இங்க பாரு. தெரு பூரா நிம்மதியா இருக்கு. ஒத்த ஆளுக்காக..."

அங்கே நின்றார். வெட்கப்பட்டு நிற்கவில்லை, ஸ்லிப்பு. வாய் திறந்தபடியே இருந்தது. எல்லாரும் கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் மிச்ச வார்த்தை என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆகவே தீர்மானம் நிறைவேறியது. காரை யாரும் தொடக்கூடாது.

கூட்டத்தில் முத்தரசியும் இருந்தாள். அவள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. நல்ல வெயில். கோமதிநாயகத்தின் மூச்சு தண்ணீருக்குள் பானையை அமுக்கின மாதிரிக் கேட்டது. முத்தரசி தலையை முடிந்துகொண்டு உலகம்மாள் வீட்டுக்குள் வந்தாள்.

"மதினி, எந்திரிங்க. வண்டியத் தெறப்போம்."

உலகம்மாள் அவளையே பார்த்தாள். "ஒனக்குக் கிறுக்கா? ஸ்லிப்பு போச்சுன்னா மொத அடி ஒனக்குத்தாமுளா."

"தெரியும்."

"அப்பறம்?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் படுத்துக் கெடக்கேன். இந்தப் பக்கம் அண்ணாச்சி மூச்சு. அது நின்னு போச்சுன்னா எனக்காகத் தட்டுததுக்கு யாரு இருக்கா? எந்திரிங்க மதினி, பேசாதிய."

இரண்டு பேருமாகக் கோமதிநாயகத்தைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். எப்படிக் கிடத்தினார்கள் என்பதே தனிக் கதை, அதை விடுங்கள். உலகம்மாள் சீட்டில் ஏறி, காலைப் பிரேக்கில் வைத்து, வண்டியை முடுக்கினாள். உறுமியது, நகரவில்லை. லிவரைப் பார்க்கிங்கில் போட்டாள். முத்தரசி பானெட்டைத் தூக்கினாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சங்கரபாண்டியன் குச்சியை உருவுவதைச் சுவர் மேலிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"அணைச்சிட்டு எடு முத்தரசி. மேஸ்திரி அண்ணாச்சி சொல்லியிருக்காருல்லா."

"அணைங்க."

உலகம்மாள் கை சாவிக்குப் போனது. சாவியைத் தொட்டு நின்றுவிட்டது, ஸ்லிப்பு. முத்தரசிக்குத்தான் ஸ்லிப்பு இமைக்கும் நேரம்கூட இல்லையே, அவள் கை போய்க் குச்சியை உருவியும் விட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையில் துடைத்து, விட்டு, மறுபடி உருவினாள்.

"மதினி, இது காஞ்சுல்லா கெடக்கு."

அப்போதுதான் சாவி திரும்பியது. இன்ஜின் அணைந்தது. முத்தரசி குச்சியை மறுபடி விட்டு எடுத்தாள். மேல் கோடுவரை சிவப்பு.

"ஓடும்போது இல்லாதது, நின்னதும் எப்படிளா வந்துச்சு?" என்றாள் உலகம்மாள்.

"எங்க வீட்டு ஆளு மாதிரிதான். வெளிய நிப்பாட்டிப் பாத்தா நல்லவரு."

பின்சீட்டில் கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்கு மூச்சு இல்லை.

ஓடும்போது மேலே ஏறிச் சுற்றுகிற ஆயில் நின்றதும் கீழே வடிந்து குச்சியில் ஏறியிருக்கிறது, சங்கரபாண்டியன் பார்த்த ஃபுல் அதுதான். வண்டி மறுபடி முடுக்கப்பட்டது. அடியில் ஒரு ரப்பர் குழாயின் பட்டி தளர்ந்திருந்தது, அங்கேதான் அம்மன் சொட்டிக்கொண்டிருந்தாள். முத்தரசி அரிவாள்மணை முனையால் அந்தப் பட்டியின் திருகாணியை முறுக்கினாள். டிக்கியிலிருந்து டப்பா வந்தது. ஆயில் ஊற்றுகிற வழியும் குச்சி போகிற அந்த ஒல்லிக் குழாய்தான், வீட்டில் இருந்த புனல் எதுவும் அதில் நுழையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில் ஒரு பிளாஸ்டிக் ட்யூப் கிடந்தது. அதைப் புனலின் நுனியில் செருகி, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி முத்தரசி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. உலகம்மாள் பிரேக்கை விடாமல் லிவரைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்தித் தள்ளினாள். குச்சியை எடு, பார், ஊற்று.

அதற்குள் தெரு பார்த்துவிட்டது, தூக்கின பானெட்டின் மறைவில் ஊற்றுவது யார் என்பது மட்டும் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஒருத்தி "தொடாதே" என்று கத்த வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஓடிவந்து தடுக்க நினைத்தவர்கள் ஒரு காலைத் தூக்கி வாசல்தோறும் கொக்குகள் மாதிரி நின்றார்கள். சங்கரபாண்டியன் விரலை நீட்டி "ஓடுத இன்ஜின்ல" என்றார், அதற்கு மேல் வரவில்லை. பூசாரி கையில் கற்பூரத்தட்டு, முகத்தில் கோபம் பாதி ஏறியிருந்தது. எல்லாருக்கும் கடைசியாக மந்திரம். காலையில் டீ கேட்டு, வீட்டில் பெண்டாட்டியைக் காணாமல், இங்கே கண்டு, கையை ஓங்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தவன். அவளுக்கு நேர் பின்னால் நின்றான். கை அவள் தலைக்கு மேலே இருந்தது.

முத்தரசி திரும்பிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஊற்றினாள். ஊற்றிவிட்டு, டப்பாவைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

கியர் விழுந்த மாதிரி தெரு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக யாருக்கும் வராமல் நின்றிருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வந்தது, விழாமல் நின்ற தும்மல்கள், வெட்டாமல் நின்ற அரிவாள்கள், இழுக்காமல் நின்ற கயிறுகள், பாதியில் விட்ட கெட்ட வார்த்தைகளின் மறுபாதிகள், "தொடாதே" என்ற கூச்சல், "கை வைக்கப்பிடாது" என்ற சங்கரபாண்டியனின் முடிவு, வடக்குத் தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கவுன்சிலரின் வாயிலிருந்து புதன்கிழமை மிச்சமிருந்த "எல்லாரும் கஷ்டப்பட முடியுமா" என்பதும்கூட. மந்திரத்தின் கையில் ஓர் அடி இல்லை, தேங்கிக் கிடந்த அத்தனை அடியும் இருந்தது. அத்தனையும் சேர்ந்து இறங்கினபோது அந்த இடத்தில் அவள் தலை இல்லை. கை அவனையே ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டது. தோள்பட்டை இறங்கிவிட்டது.

கார் யோசிக்கவில்லை. நல்ல பிள்ளையாகத் தெருமுனை திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் கோமதிநாயகம் திரும்பி வந்து அரை தம்ளர் காபி கேட்டார். உடம்பில் நீர் சேரக்கூடாது என்று உலகம்மாள் எப்போதும்போல் மறுத்தாள். ஆக எல்லாம் பழையபடி.

தெருவும் பழையபடிதான். கார் திரும்பி வருவதற்குள் குழாயடியில் இரண்டு சண்டை, ஒரு குடம் நசுங்கல், பைக் பையன் ஒருவனுக்கு முன்பல் இரண்டு போச்சு, வாத்தியார் பிரம்பு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. காருக்கு முன்னால் கூட்டம் கூடியது. நல்லா இருந்த தெருவைக் கெடுத்தது யார் என்று கேட்டார்கள். முன்பெல்லாம் எதற்கும் நான்தான் என்று முந்திக்கொண்டு வருகிறவர்கள் அன்று ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். சங்கரபாண்டியன், ஓடுத இன்ஜினில் கை வைக்கிற பழக்கமே தனக்குக் கிடையாது என்று பேனாவைத் தொட்டுச் சொன்னார். கவுன்சிலர், தான் ஊரிலேயே இல்லை என்றார், ஊரில்தான் இருந்தார். பூசாரி, அம்மன் இப்படியெல்லாம் செய்ய மாட்டாள் என்று அம்மனுக்காகவும் சேர்த்துச் சொன்னார். உலகம்மாள், "நான் சீட்டுல இருந்தேன், கால் பிரேக்ல இருந்துச்சு," என்றாள். உள்ளதுதான்.

மந்திரம் கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரியும். நல்ல கை கொஞ்சம் மேலே எழும்பியது. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. கை போய்த் தன் தலையையே சொறிந்துகொண்டது.

"அப்ப யாருதாம்வே ஊத்துனது?" என்று கூட்டம் கேட்டது.

முந்தானையில் சிவப்புக் கறையோடு, துடைக்கத் துடைக்கப் போகாத விரல்களோடு, வீட்டுக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். புருஷனைத் தாண்டி நின்றாள்.

முத்தரசி.